மிளகு எங்கே தூங்குகிறது

பாய்,

உங்கள் மீது எனக்குள்ள குறைகளை நாள்வாரியாகக் கீழே தந்திருக்கிறேன்.

1. மார்கழி 12, வெள்ளி. ஜும்மா தொழுகை முடிந்து வந்தீர்கள். பூனைகளுக்குச் சோறு பிசைந்து வைத்தீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்தீர்கள். பிறகு எழவில்லை. முன்னறிவிப்பு எதுவும் தரப்படவில்லை.

2. மார்கழி 17, புதன். புதிய ஆண்டின் தினசரிக் காலண்டர் ஷெட்டில் மாட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் அன்றே தாள்களைப் புரட்டி, எல்லா அமாவாசைகளையும் சிவப்புப் பேனாவால் சுழித்து வைப்பீர்கள். இம்முறை சுழிக்க ஆளில்லை. அந்தப் பொறுப்பை நீங்கள் யாரிடமும் ஒப்படைக்கவில்லை.

3. ஆடி 4, ஞாயிறு. அமாவாசைக்கு நான்கு நாட்கள் இருக்கையில், பாடியிலிருந்து வந்த ஒருவரிடம் மிளகைக் கொடுத்தேன். அந்த வாரத்தில் கறுப்புப் பூனையைக் கொடுக்கக் கூடாது என்ற உங்கள் விதி எனக்குத் தெரியும். ஏன் கூடாது என்பது தெரியாது. பதினோரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நீங்கள் சொன்னதில்லை.

4. ஆடி 19, திங்கள். பதினைந்து நாள் கெடு முடிந்தது. பாடியிலிருந்து அஞ்சலட்டை வரவில்லை.

5. அதே நாள். காரணத்தை, உங்கள் கடையில் பாத்திரம் கழுவிய செல்வி சொன்னாள். உங்கள் வாயால் நான் கேட்டிருக்க வேண்டியது அது.

இதைப் படித்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள் என்பது தெரியும். "கோவத்தையும் நம்பர் போட்டுத்தான் படுவீங்களா சார்?" என்பீர்கள். ஆம். முப்பது ஆண்டுகளாகச் சோதனைக்கூடத்தில் அறிக்கை எழுதியே பிழைத்தவனுக்கு வேறு விதமாகக் கோபப்படத் தெரியாது.

என் எதிரில் எழுதப்படாத அஞ்சலட்டைக் கட்டு ஒன்று கிடக்கிறது. கருவாட்டு டப்பாவிலேயே அதையும் போட்டு வைத்தீர்கள் அல்லவா? அட்டைகள் முழுதும் நெத்திலி வாசனை. கட்டைப் பிரித்ததும் நீங்களே ஷெட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. அந்த வாசனைதான் என்னைப் பேனாவை எடுக்க வைத்தது.

நம் அறிமுகமும் ஒரு குறைப்பட்டியலில்தான் தொடங்கியது. அயப்பாக்கத்தில் நான் வீடு கட்டிப் புகுந்த அன்று, சமையல் பாத்திரங்கள் பூந்தமல்லியில் உங்கள் வாடகைக் கடையிலிருந்து குட்டி யானை வண்டியில் வந்தன. சமையற்காரர் பெரிய அண்டாவின் மூடியைத் திறந்தார். உள்ளே கையளவில் ஒரு கறுப்புக் குட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"கிரகப்பிரவேசத்துக்கு இதுவாடி மொதல்ல வந்து உக்காரணும்?" என்று என் மாமியார் போட்ட சத்தத்தில் பக்கத்து மனைக் கொத்தனார்கள் வேலையை நிறுத்தினார்கள். புரோகிதர் மறுபடி ஒருமுறை வீடு முழுதும் தண்ணீர் தெளித்தார். பால் காய்ச்சும் நேரம் தவறியது. குட்டி வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. மறுநாள் அலுவலகத்தில் அமர்ந்து ஏழு குறைகளை எழுதி, "ஏழு நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் தேவை" என்று முடித்து, பதிவுத் தபாலில் உங்களுக்கு அனுப்பினேன்.

ஆறாம் நாள் உங்கள் அஞ்சலட்டை வந்தது. கோணல் எழுத்து. "ஐயா, கடிதம் கிடைத்தது. ஏழு குறையும் உண்மை. குட்டி நலம். இப்போது சாம்பார் வாளியில் தூங்குகிறது, கைப்பிடிப் பக்கம் தலை வைத்து."

அந்தக் கடைசி வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. ஒரு மனிதர் வாளிக்குள் குனிந்து, குட்டியின் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதியிருக்கிறார். அதற்குமேல் கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு உங்கள் ஷெட்டுக்கு வந்தேன். அதன் பிறகு வராத ஞாயிறுகள் குறைவு.

கடைக்குப் பின்னால், தகரக் கூரையின் கீழ், அடுக்கிய கடாய்களுக்கும் இட்லிக் கொப்பரைகளுக்கும் நடுவே பூனைகள் இருந்தன. லாரி அடித்தவை, சாக்கில் கட்டி வீசப்பட்டவை, வீடு மாறியவர்கள் விட்டுப்போனவை. செம்பட்டையும் வெள்ளையும் வந்த வேகத்தில் போகும். கறுப்பு தங்கிவிடும். தங்கியவற்றுக்கு நீங்கள் பெயர் வைத்தீர்கள்: என் வீட்டு அண்டாவில் வந்த மிளகு, எள், மை, தார், கரி. "பேர் வெச்சா போகாதுன்னு தெரியும் சார். எப்டியும் போகப் போறதில்ல, பேராவது இருக்கட்டும்" என்றீர்கள்.

வானகரம் அடுக்குமாடியிலிருந்து வந்த தம்பதியை நினைவிருக்கிறதா? அந்தப் பெண்ணின் கை தானாகவே மையின் தலைக்குப் போனது. கணவர் உடனே, "ஏய், அது வேணாம். அம்மா வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. வெள்ளை இருக்கா பாய்?" என்றார்.

நீங்கள் அவரை மேலும் கீழும் பார்த்தீர்கள். "கையில போனு கறுப்பு. கால்ல ஷூ கறுப்பு. தலைக்கு அடிக்கிற டையும் கறுப்பு. பூனை மட்டும் வெள்ளையா வேணுமா சார்?"

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. வெள்ளையைத்தான் எடுத்துப் போனார்கள். வாசல் வரை அந்தப் பெண் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

வளர்க்க ஆள் தேடி இணையத்தில் போடும் படத்திலும் கறுப்பு விழாது. இருட்டு ஷெட்டில் எடுத்தால் இரண்டு கண்கள் மட்டும் மிதக்கும். பார்க்கிறவர் பயந்து அடுத்த படத்துக்குப் போய்விடுவார். பெரிய அலுமினியத் தாம்பாளத்தை வெயிலுக்குச் சாய்த்து வைத்து அதன் எதிரில் பூனையை உட்கார வைக்கலாம் என்று நான் சொன்னேன். ஒளி பட்டதும் மிளகின் கறுப்புக்குள் பழுப்பும் வரிகளும் தெரிந்தன. "அட, இத்தினி நாளா இது கோடு போட்ட சட்டை போட்டுக்கினு கீது சார்!" என்று கூவினீர்கள். உங்களிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. ஆனாலும் படத்தைப் பார்த்து மிளகுக்காக யாரும் வரவில்லை.

என் பதிவுத் தபாலிலிருந்து நீங்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வீர்கள். பூனையை எடுத்துப் போகும் ஒவ்வொருவர் கையிலும், உங்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டை ஒன்றைக் கொடுத்தீர்கள். "ஏழு நாள் பூனைக்குப் பத்தாது சார், பதினஞ்சு போடுவோம்" என்று கெடுவை நீட்டினீர்கள். அட்டையின் மேல் பகுதியில் உங்கள் கையெழுத்தில் மூன்று வரிகள்: "பூனை இப்போது எங்கே தூங்குகிறது? பதினைந்து நாட்களுக்குள் எழுத்தில் பதில் தேவை. வராவிட்டால் நேரில் வருவேன்."

தொலைபேசியில் கேட்டால் ஆகாதா என்றேன்.

"போன்ல எவன் வேணா 'சூப்பரா கீது பாய்'ம்பான். தூங்குற எடத்த எழுதணும்னா போயிப் பாக்கணும் சார்."

பதில்களை நாம் சேர்ந்து படித்தோம். தையல் மெஷின் மிதிகட்டையில். அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் இடையில். மாமனார் வயிற்றின் மேல். "கட்டிலில்" என்று மட்டும் எழுதியவர்களின் அட்டையைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். பலமுறை நானும் உடன் வந்திருக்கிறேன். இரண்டு முறை பூனையைத் திருப்பிக் கொண்டுவந்தோம்.

சிவப்புச் சுழிகளைப் பற்றியும் நான் கேட்டேன். ஒரு முஸ்லிம் பெரியவர் அமாவாசை பார்ப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

"அந்த ஒரு வாரம் மட்டும் கறுப்பு வேணாம் சார்" என்றீர்கள்.

"சகுனம் பார்க்கிறவர்களைக் கிண்டல் செய்துவிட்டு நீங்களே மூடநம்பிக்கை வைத்திருக்கிறீர்களா?"

கையிலிருந்த தட்டைத் துடைத்துக்கொண்டே, "ஆமா சார். அப்டியே வெச்சுக்குங்க" என்றீர்கள்.

அப்படியே வைத்துக்கொண்டேன், பாய். அதுதான் என் குற்றம். உங்கள் குற்றம், வைத்துக்கொள்ள விட்டது.

நீங்கள் போனபின் கடையை மூடிய உங்கள் மகன் கத்தாரிலிருந்து, "ஷெட்ட நீங்களே பாத்துக்குங்க அங்கிள், வாப்பா அதத்தான் விரும்புவாரு" என்றான். நான் மறுக்கவில்லை. மாசியிலிருந்து ஆனி வரை வெள்ளை போயிற்று, செம்பட்டை போயிற்று. கறுப்பைக் கேட்டு ஒருவரும் வராததால் உங்கள் விதியை நினைக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

ஆடி நான்காம் நாள் செல்வி வரவில்லை. அவள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். பதினொரு மணியளவில் ஒருவர் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தொழிற்சாலைச் சீருடைச் சட்டை, கையில் மூடி போட்ட பிரம்புக் கூடை. பாடியில் வீடு என்றார். எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு நேராகக் கேட்டார்: "கறுப்பு கீதா சார்? முழுக் கறுப்பா வேணும். ஒரு வெள்ளை முடி இருக்கக் கூடாது."

அந்த வாக்கியத்தை இன்று இரண்டு முறை அடித்துவிட்டுத்தான் எழுதினேன். அன்று மகிழ்ந்தேன். இத்தனை ஆண்டுகளில் கறுப்பையே கேட்டு வந்த முதல் மனிதர்! மிளகைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பிக் காட்டி, "பாருங்கள், ஒரு முடிகூட இல்லை" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் வயிற்றுப் பக்கம் விலக்கிப் பார்த்தார், காதுக்குள் பார்த்தார். தலையசைத்தார். கூடையில் வைத்து மூடினார். முகவரியை எழுதி வாங்கிக்கொண்டு, உங்கள் மூன்று வரிகளை எழுதிய அட்டையைக் கொடுத்தேன். காலண்டர் என் முதுகுக்குப் பின்னால்தான் தொங்கியது. அதில் சிவப்புச் சுழி ஏதும் இல்லை. நான் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

பதினைந்தாம் நாள் மாலை, தபால் வரவில்லை என்று சொன்னபோதுதான் செல்வி விவரம் கேட்டாள். கொடுத்த நாளை விரல்விட்டு எண்ணினாள். சோற்றுச் சட்டியைக் கீழே வைத்தாள்.

"இன்னா சார் பண்ணிக்கீற? அமாசைக்கு முன்னாலயா குட்த்த? அதுவும் முழுக் கறுப்பு கேட்டானா?"

"அதனால் என்ன?"

"பாய் சொல்லலியா உன்னாண்ட?" என்று என் முகத்தையே பார்த்தாள். பிறகு சொன்னாள். எனக்கு முந்திய காலம். இதேபோல் ஒருவன் கூடையோடு வந்து முழுக் கறுப்பு கேட்டு வாங்கிப் போயிருக்கிறான். பெயர் வைத்த முதல் கறுப்பாம் அது. அட்டை வழக்கம் அப்போது இல்லை; நீங்களே போய்ப் பார்த்தபோது, எழுதித் தந்த முகவரியில் வீடே இல்லை. நீங்கள் இரண்டு நாள் தேடி, ஏரிக்கரையில் கண்டெடுத்தீர்கள். சுற்றிலும் எலுமிச்சம்பழம், குங்குமம், சிவப்புத் துணி. "மேல்சட்டைய கழட்டி அதுல சுத்தி எட்த்துனு வந்தாரு சார். யாராண்டயும் பேசல. மறுநாளு போயி அந்தக் காலண்டர வாங்கினாரு."

பாய், நீங்கள் சகுனத்துக்குப் பயப்படவில்லை. சகுனத்தை நம்புகிற மனிதனுக்குப் பயந்தீர்கள். இந்த வேறுபாட்டை எனக்குச் சொல்ல உங்களுக்குப் பதினோரு ஆண்டுகளும் ஒரே ஒரு வாக்கியமும் தேவைப்பட்டன. ஆண்டுகள் இருந்தன. வாக்கியத்தை நீங்கள் தரவில்லை.

ஆடி இருபத்தொன்றாம் நாள் நானும் செல்வியும் பாடிக்குப் போனோம். அவர் எழுதிக்கொடுத்த தெரு இருக்குமோ இருக்காதோ என்று மேம்பாலத்திலிருந்து இறங்கும்போதே பெயர்ப்பலகைகளைப் படிக்கத் தொடங்கினேன். தெரு இருந்தது. வீடும் இருந்தது. பூட்டியிருந்தது. சன்னல்கள் உட்பக்கம் சாத்தியிருந்தன. பக்கத்து வீட்டு அம்மாள் தண்ணீர்க் குடத்தோடு வெளியே வந்தார்.

"அவுங்களா? அமாசைக்கு மொதநாளே கெளம்பிட்டாங்க. இன்னும் வரல."

"பூனை ஒன்று வைத்திருந்தார்களா அம்மா?"

"ஆங், கறுப்பா ஒண்ணு. அதயும் கூடையில போட்டு எட்த்துனுதான் போனாரு. அது கத்துன கத்துக்குத் தெருவே எட்டிப் பாத்துது. ஏன், உங்குளுதா?"

செல்வி என் முழங்கையைப் பிடித்தாள். நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்திருக்கிறாள். வண்டிச் சாவியை அவள்தான் வாங்கித் துவாரத்தில் நுழைத்தாள்.

காவல் நிலையத்தில் எழுதித் தரலாம் என்று நினைத்தேன். என்ன எழுதுவது? பூனையைக் கேட்டார், கொடுத்தேன், எடுத்துப் போனார். இதில் எந்த வரி குற்றம்?

அடுத்த ஐந்து நாட்கள் எப்படி இருந்தன என்பதை உங்களிடம் மட்டுமே சொல்ல முடியும். முச்சந்திகளில் உடைத்துப் போட்ட பூசணிக்காயை ஆயிரம் முறை கடந்து போயிருக்கிறேன். வழுக்கிவிடுமே என்பதைத் தவிர வேறு எண்ணம் வந்ததில்லை. இப்போது அம்பத்தூர் எஸ்டேட் சாலையில் நசுங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் கண்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, அருகில் வேறு ஏதாவது கிடக்கிறதா என்று தேடினேன். சோதனைக்கூடத்தில் கறுப்பு ரப்பர் குழாய் சுருண்டு கிடந்ததைக் குனிந்து தொட்டுப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் முடியை விலக்கிப் பார்த்த அந்த விரல்கள் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தன. விரல்களுக்கு நானே வெளிச்சம் காட்டியிருந்தேன். நீங்கள் ஒருமுறை இப்படிப் பயந்தீர்கள் என்றும், அதன்பின் ஒவ்வொரு மாதமும் ஒரு வாரம் இதே பயத்தோடு இருந்தீர்கள் என்றும் அப்போதுதான் புரிந்தது. பக்கத்தில் நான் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆடி இருபத்தாறு, திங்கட்கிழமை. ஷெட்டின் கதவிடுக்கில் அட்டை கிடந்தது. உங்கள் மூன்று வரிகளுக்குக் கீழே நெருக்கமான எழுத்து:

"ஐயா, தாமதத்துக்கு மன்னிக்கவும். ஆடி அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுக்க ராமேஸ்வரம் போனோம். பூனையைத் திருமுல்லைவாயலில் தங்கை வீட்டில் விட்டிருந்தோம். அப்படியே ஊரில் கோயில் விசேஷம் முடித்து நேற்றுதான் வந்தோம். அப்பா வைத்திருந்த பூனை ஒரு வெள்ளை முடி இல்லாதது. அவர் போன அன்று அதுவும் போய்விட்டது. அம்மா அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். இது இப்போது ஃப்ரிட்ஜ் ஸ்டெபிலைசர் மேல் தூங்குகிறது. இடம் பத்தாததால் ஒரு கால் எப்போதும் தொங்கும்."

நான் சோற்றுச் சட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கால் தொங்கும் என்பதைப் பொய் சொல்கிறவன் எழுதமாட்டான். நீங்கள் இருந்திருந்தால் அந்த வரியை விரலால் தட்டிக் காட்டியிருப்பீர்கள்.

செல்விக்குப் படித்துக் காட்டினேன். "ஸ்டெபிலைசர் மேலயா? சூடா கீதுன்னு ஏறிக்கிச்சு. கழுத, நம்மள சாவடிச்சிட்டு அங்க கால தொங்கப் போட்டுக்கினு கீது!" என்று திட்டிக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தந்தைக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்த ஒரு மனிதரை நான் ஐந்து நாட்கள் கொலைகாரனாக வைத்திருந்தேன். அதற்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். எதற்காக என்று விளக்கவில்லை. அவர் அட்டை என் சட்டைப் பையில் இருக்கிறது. ஆனால் பயம் போகவில்லை, பாய். மிளகு உயிரோடு இருப்பது என் கவனத்தால் அல்ல. அன்று வந்தவர் நல்லவராக இருந்ததால். அடுத்து வருகிறவர் யார் என்பது எனக்குத் தெரியாது.

அடுத்து ஒருவர் வருகிறார். ஆவடியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். படத்தைப் பார்த்துவிட்டு எள்ளைக் கேட்டிருக்கிறார். குட்டியாக வந்து ஏழு ஆண்டுகளாக அண்டாக்களுக்கு நடுவிலேயே கிழவியாகிக்கொண்டிருக்கும் எள்ளை, ஒரு கண்ணில் பூ விழுந்த எள்ளை, முதன்முதலாக ஒருவர் கேட்டிருக்கிறார். அவருக்கு விடுப்புக் கிடைக்கும் நாள் ஆவணி 3, செவ்வாய். அது அமாவாசை வாரம். அடுத்த வாரம் வாருங்கள் என்று நான் சொல்லலாம். வந்த இடத்தில் கறுப்பின்மேல் ஆசைப்பட்டு, உங்கள் விதிக்காக அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஓரிருவரில் மறுபடி வந்தவர் ஒருவரும் இல்லை என்பதை நானும் உடனிருந்து பார்த்திருக்கிறேன். உங்கள் விதி கறுப்பைக் காத்தது. அந்த விதிதான் கறுப்பை ஷெட்டிலேயே வைத்தும் இருந்தது. இதை நீங்கள் அறிந்திருந்தீர்களா? அறிந்தே சுழித்தீர்களா?

ஆவணி அமாவாசைத் தாளைப் புரட்டி வைத்திருக்கிறேன். உங்கள் சிவப்புப் பேனா என் கையில் இருக்கிறது. மூடியைத் திறக்கிறேன், மூடுகிறேன். எள் சாம்பார் வாளியில் தூங்குகிறது. குனிந்து பார்த்தேன், கைப்பிடிப் பக்கம்தான் தலை.

எனவே கேட்கிறேன். எள்ளைக் கொடுக்கலாமா, கூடாதா? ஆவணி 2, திங்கட்கிழமை மாலை ஷெட்டைப் பூட்டுவதற்குள் எழுத்தில் பதில் தேவை. ஒரே வரி போதும். ஆனால் இம்முறை காரணத்தோடு இருக்க வேண்டும். வராவிட்டால் நேரில் வருவேன். பூந்தமல்லி கபர்ஸ்தான், வேப்பமரத்திலிருந்து இரண்டாவது வரிசை. முகவரி சரிதான், அன்று மூன்று பிடி மண் போட்டவர்களில் நானும் ஒருவன்.